ரிம்முக்கு ஏறுகிற டயர் எல்லாம் காருக்குரிய டயர் இல்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. கார் வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். கார் இல்லாதவர்களும் வாசியுங்கள், உங்கள் பிள்ளைகள் யாரோ ஒருவருடைய காரில்தான் ஏறிப் போகிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. டயர் தேய்ந்துவிட்டது, அதே சைஸ் கிடைக்கவில்லை என்று சொன்னால் உடனே பதில் வரும்: "சேர், ரிம் ஒண்டுதானே, ஏறும், போடுங்கோ." தண்ணீரூற்றிலும் இதுதான், முள்ளியவளையிலும் இதுதான், புதுக்குடியிருப்பிலும் இதுதான். வவுனியாவுக்குப் போனால் அங்கே கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு அதையே சொல்வார்கள். ரிம்மில் ஏறிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்ற இந்த நம்பிக்கையைத்தான் இன்றைக்கு எதிர்த்து எழுதுகிறோம்.

நாங்கள் ஆசிரியர்கள், வாகனப் பொறியியலாளர்கள் இல்லை. ஆனால் இதற்குப் பொறியியல் தேவையில்லை. வகுப்பில் நாங்கள் படிப்பிக்கிற பரிதிக் கணக்கும் சதவீதக் கணக்கும் போதும். பிள்ளை பரீட்சையில் அந்தக் கணக்கைப் பிழையாகச் செய்தால் வீட்டில் ஏச்சு விழுகிறது. அதே கணக்கை டயர்க் கடையில் செய்யவே தேவையில்லை என்று வாப்பாமார் நினைக்கிறார்கள்.

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதை முதலில் வாசிப்போம். எங்கள் பகுதியில் அதிகம் ஓடுகிற மாருதி அல்டோ 800ஐ எடுங்கள். அதன் டயரில் 145/80 R12 74T என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், மில்லிமீற்றரில் இல்லை, அகலத்தின் சதவீதத்தில். அதாவது 145இன் 80 சதவீதம், 116 மில்லிமீற்றர். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 74 சுமைக் குறியீடு. இந்தக் குறியீடுகளுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணைதான். அதில் 74 என்றால் ஒரு டயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய எடை 375 கிலோ. T என்பது வேகக் குறியீடு, மணிக்கு 190 கிலோமீற்றர். அந்தக் கடைசி எழுத்து எங்கள் வீதிகளில் பெரிய பிரச்சினை இல்லை, விட்டுவிடுவோம்.

எங்கள் ஆட்கள் கடையில் பார்ப்பது அந்த 12ஐ மட்டும். மிஞ்சிப் போனால் 145ஐயும் பார்ப்பார்கள். இதில்தான் வினை.

பழைய மாருதி 800க்கு வந்த டயர் 145/70 R12. அகலம் அதே 145, ரிம் அதே 12. நடுவில் மட்டும் 80க்குப் பதில் 70. கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார். அல்டோவுக்குரியது முடிந்துவிட்டால் மற்றதை எடுத்துத் தருவார். ரிம்மில் அழகாக ஏறும், ஒரு சத்தமும் வராது. பார்க்கிற கண்ணுக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 145/80 R12 டயரின் முழு விட்டம்: ரிம் 304.8 மில்லிமீற்றர், மேலே ஒரு 116, கீழே ஒரு 116, மொத்தம் கிட்டத்தட்ட 537. மற்றதற்குப் பக்கச் சுவர் 101.5. மொத்தம் 508. வித்தியாசம் 29 மில்லிமீற்றர், 5.4 சதவீதம். கார் 14 மில்லிமீற்றருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. குமுழமுனைப் பக்கமோ தண்ணிமுறிப்புப் பக்கமோ மாரி காலத்தில் போய் வருகிறவர்களுக்கு அந்த 14 மில்லிமீற்றரின் பெறுமதி தெரியும். ஒரு கிலோமீற்றர் ஓட முன்பு சக்கரம் 593 தடவை சுற்றியது, இப்போது 627 தடவை சுற்ற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மீற்றர் தூரத்தை அளப்பது சக்கரம் சுற்றுகிற எண்ணிக்கையை வைத்து. டயர் சிறுத்தால் மீற்றர் 100 காட்டும்போது கார் உண்மையில் 94, 95 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும். லீற்றருக்கு 17 ஓடிய கார் 18 ஓடுவதாகத் தெரியும். "டயர் மாத்தினாப் பிறகு மைலேஜ் கூடியிருக்கு நானா" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொல்வார். நாலு பேர் கேட்டு, அவர்களும் அதையே போடுவார்கள். பெற்றோல் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை, அளவுகோல்தான் சுருங்கியிருக்கிறது. கள்ளத் தராசில் நிறுத்து வாங்கிய மீனைப் பார்த்து, இன்றைக்கு ஒரு கிலோவுக்கு நிறைய மீன் வந்திருக்கிறது என்று சந்தோசப்படுகிற மாதிரி.

ஆனால் மீற்றர் எங்கள் பெரிய கவலை இல்லை. எங்கள் கவலை அந்த 74 என்ற எண். 145/70 R12இல் வழக்கமாக இருப்பது 69. அட்டவணையில் 69 என்றால் 325 கிலோ. ஒரு டயருக்கு 50 கிலோ குறைந்துவிட்டது. நாலு டயருக்கும் ஒரு காரில் 200 கிலோ.

இதை எங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவுக்காரரில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது புத்தளத்துக்கு. 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தோம். ஆனால் முழுக் குடும்பமும் வரவில்லை. உம்மா இங்கே, சாச்சி அங்கே. அதனால் ஒரு கலியாணம், ஒரு ஜனாஸா, ஒரு பெருநாள் என்றால் இந்தச் சின்னக் கார்கள்தான் மாங்குளம், வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் தாண்டிப் புத்தளத்துக்கு ஓடுகின்றன. ஒரு வழிக்கே இருநூறு கிலோமீற்றருக்கு மேல். வெறும் காரா ஓடுகிறது?

முன்னால் இரண்டு பெரியவர்கள். பின்னால் இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். டிக்கியில் ஒரு மூடை நெல்லரிசி, ஐஸ் போட்ட மீன் பெட்டி, இரண்டு உடுப்புப் பைகள். அந்தக் காரில் ஏழு பேர் ஏறக்கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஏறுகிறார்கள் என்பதும் தெரியும். காரின் வெறும் எடை ஏறக்குறைய 700 கிலோ. ஆட்களும் சாமானும் சேர்ந்து 450 என்று வையுங்கள். இந்தச் சுமையில் பெரும்பங்கு விழுவது பின் சக்கரங்களில். எங்கள் கணக்கில் பின் இரண்டு டயரும் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டிச் சுமக்கின்றன. 375 கிலோ டயர் இரண்டு என்றால் தாங்கும் எல்லை 750, கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. 325 கிலோ டயர் இரண்டு என்றால் எல்லை 650. மூச்சு முட்டுகிறது. அதுவும் முழுக் காற்று இருந்தால்தான் அந்த 650. காற்றுக் குறைந்தால் தாங்கும் சக்தியும் குறையும். காற்றுப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்?

சுமை கூடி, காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் சுடும் அல்லவா, அதே கதைதான். பங்குனி சித்திரை வெயிலில் ஏ9 தார் வீதியில் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி இல்லை. உள்ளேயிருக்கிற றப்பரும் கம்பி வலையும் பிரிந்துபோகும். பிரிந்தால் டயர் சொல்லிவிட்டு வெடிக்காது.

இதை நாங்கள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உலகத்தில் ஆகப் பெரிதாகப் பேசப்பட்ட டயர் விவகாரம் அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனத்துக்கு நடந்தது. 2000 ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது. இறந்தவர்கள் 200க்கும் மேல். டயரில் குறை இருந்தது உண்மை. ஆனால் அதோடு சேர்ந்து பேசப்பட்டவை என்ன? வெப்பம், சுமை, குறைந்த காற்று. ஃபோர்ட் சிபாரிசு செய்தது 26 இறாத்தல், டயர் நிறுவனம் 30 வேண்டும் என்றது. நாலு இறாத்தல் காற்றுக்காக இரண்டு பெரிய கம்பனிகள் வருடக்கணக்கில் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. கவனியுங்கள், அங்கே டயரின் சைஸ் சரி. சைஸ் சரியாக இருந்தே அந்த நிலைமை. நாங்கள் இங்கே சைஸையே மாற்றிவிட்டு, "இவ்வளவு நாள் ஓடினம், ஒண்டும் நடக்கேல்ல" என்கிறோம்.

சரி, சிறிய டயர் ஆபத்து, அப்போ பெரிதைப் போடுவோம் என்று ஒரு கூட்டம். வேகன் ஆர் வைத்திருக்கிற தம்பிமார் இதில் முன்னணி. ஜப்பான் வேகன் ஆருக்கு வழக்கமாக வருவது 155/65 R14, முழு விட்டம் 557 மில்லிமீற்றர். அதே 14 ரிம்மில் 175/65 R14 ஏறும், அதுதான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. "கார் உயரும், எங்கட றோட்டுக்கு நல்லம்" என்கிறார்கள். உயர்வது எவ்வளவு? விட்டம் 583 ஆகிறது, 26 மில்லிமீற்றர் கூடுதல். காரின் வயிறு உயர்வது அதில் பாதி, 13 மில்லிமீற்றர். உங்கள் சின்ன விரலின் அகலம்.

அந்த விரல் அகலத்துக்குக் கொடுக்கிற விலையைப் பாருங்கள். 660 சீசீ எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் 4.7 சதவீதம் பாரமாகிறது. பிரேக்குக்கும் அப்படித்தான், சக்கரம் பெரிதானால் அதே பிரேக் பிடி தரையில் குறைவாகத்தான் வேலை செய்யும். மீற்றர் 70 காட்டும்போது கார் 73க்கு மேல் போகலாம். நகரத்துக்கு வெளியே காருக்கு எல்லை 70, பொலிஸ் வேகமானி உங்கள் டயர் சைஸைக் கேட்டுவிட்டு அளப்பதில்லை. வெறும் காரில் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டிப் பார்த்தால் எங்கேயும் முட்டாது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது டயர் மட்கார்ட்டின் உள்பக்கத்தைத் தேய்க்கும். கடையில் "முட்டேல்ல பாருங்கோ" என்று காட்டுவது எப்போதும் வெறும் கார்தான்.

சைஸ் மாற்றவே கூடாதா? கூடும். சுசுக்கி நிறுவனமே மாற்றுகிறது. அதே வேகன் ஆரின் ஸ்டிங்ரே வகையில் 165/55 R15 போட்டு அனுப்பினார்கள். ரிம் ஓர் அங்குலம் பெரிது, அகலம் கூட. ஆனால் முழு விட்டத்தைக் கணக்குப் பாருங்கள், 562. பழையதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு சதவீதம்தான். சுமைக் குறியீடு இரண்டுக்கும் 75, 387 கிலோ. ரிம்மை மாற்றினாலும் விட்டத்தையும் சுமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. செய்தவனுக்குக் கணக்குத் தெரியும்.

டாட்டா நானோவைப் பாருங்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் டயர் 135/70 R12, பின் டயர் 155/65 R12 என்று கம்பனியே வேறு வேறாகக் கொடுத்தது. எங்கள் ஆட்கள் "நாலும் ஒரே மாதிரி இருந்தால்தானே அழகு" என்று நாலையும் ஒன்றாக்கிவிட்டார்கள்! மாற்றக்கூடாத இடத்தில் மாற்றுகிறோம், கம்பனி வேண்டுமென்றே வித்தியாசமாக வைத்த இடத்தில் ஒன்றாக்குகிறோம்.

15 அங்குல அலாய் ரிம் மோகம் பற்றி ஒரே வார்த்தை. ரிம் பெரிதானால் பக்கச் சுவர் ஒடுங்கும். ஸ்டிங்ரேயின் 91 மில்லிமீற்றர் சுவர் டோக்கியோவுக்குப் போதும். கொக்கிளாய் வீதிக் குழியில் விழுந்தால் அடியை வாங்குவது றப்பர் இல்லை, ரிம்.

இந்த "எப்படியாவது ஓடவைப்போம்" என்ற குணம் எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். யுத்த காலப் பொருளாதாரத் தடையில் வன்னி மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். இல்லாத பொருளுக்கு இருக்கிற பொருளை வைத்துச் சமாளித்தார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தோம், சமாளிப்பு எங்களுக்கும் புதிதில்லை. அது கெட்டித்தனம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு 2020இல் வாகன இறக்குமதி நின்றது, டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது, 2022இல் டொலரே இல்லை. அப்போதும் கிடைத்ததைப் போட்டுத்தான் ஓட வேண்டியிருந்தது. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் றப்பர்க் கன்று நட்ட நாடு, உலகத்துக்கே சொலிட் டயர் செய்து அனுப்புகிற நாடு, தன் சனத்துக்கு ஒரு 12 அங்குல டயர் கொடுக்க முடியாமல் நின்றது. அது வேறு கோபம், வேறொரு நாள் எழுதுவோம்.

ஆனால் இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. 2025 பெப்ரவரியிலிருந்து கார்கூட இறக்குமதி ஆகிறது. சரியான சைஸ் இன்று கடையில் இல்லையென்றால் ஓடர் கொடுத்தால் சில நாளில் வரும். தட்டுப்பாட்டில் செய்த சமாளிப்பைத் தட்டுப்பாடு முடிந்த பிறகும் பெருமையாகச் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் சோம்பல்.

"சேர், காசு இல்லை" என்பதுதான் எங்களால் இலகுவாகத் தள்ள முடியாத பதில். சம்பளம் எங்களுக்கும் மாத முடிவு வரை வருவதில்லை. ஆனால் காசு இல்லாதவர் நாலு பிழையான டயர் வாங்குவதை விட இரண்டு சரியான டயர் வாங்கலாம். அந்த இரண்டு புதியதையும் பின்னால் போடுங்கள், மழையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவதைத் தடுக்க அதுதான் வழி. மற்ற இரண்டை அடுத்த போகம் முடிய வாங்குங்கள். ஜப்பான் பழைய டயர்தான் கட்டுப்படியாகும் என்றால், வாங்கமுன் பக்கச் சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு வருகிற வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1716 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 17ஆவது கிழமை செய்தது. காடி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த றப்பருக்கு வயது போய்விட்டது. ஒரு பக்கம் புது சைஸ், மறுபக்கம் பழைய சைஸ் என்று ஒரே அச்சில் கலந்து மட்டும் போடாதீர்கள். இடமும் வலமும் வேறு வேகத்தில் சுற்றினால் நேர் வீதியிலும் டிபரன்சல் ஓய்வில்லாமல் அரைபடும், பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். சைஸ் மாற்றுகிறவர்கள் ஸ்பெயார் வீலை மறந்துவிடுவதால் இது எங்கள் ஊரில் தாராளமாக நடக்கிறது. ஒரு பஞ்சர், அவ்வளவுதான்.

அல்டோ 800க்கு 12 அங்குல டயர் தேடி அலுத்துவிட்டது, 13 அங்குல ரிம்முக்கு மாறுகிறேன் என்கிறவர்களுக்கு: எல்லோரும் போடுவது 155/65 R13. விட்டம் 532, அது பரவாயில்லை. ஆனால் அதன் சுமைக் குறியீடு 73, டயருக்கு 10 கிலோ குறைவு. 165/65 R13 என்றால் விட்டம் 545, ஒன்றரைச் சதவீதம்தான் கூட. குறியீடு 77, 412 கிலோ. ரிம்மின் அகலமும் நட்டுத் துளைகளும் பொருந்தினால், முழுச் சுமையோடு வெட்டித் திருப்பியும் முட்டாவிட்டால், நாங்கள் அதைத்தான் சொல்வோம். 155/80 R13 என்று ஒன்றைக் காட்டி "இதுவும் 13தான்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதன் விட்டம் 578, கிட்டத்தட்ட 8 சதவீதம் கூட.

வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்து வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோமே, அதில் பிடிபடும்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். அங்கே அளப்பது புகையை. டயர் சைஸைப் பார்க்க வேண்டியது நாங்கள்தான். கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: தங்கச் சங்கிலியில் ஒரு மில்லிகிராம் குறைந்தால் சண்டைக்கு வருகிற சனத்துக்கு, டயருக்கு 50 கிலோ குறைகிறது என்பதை விற்கமுன் சொல்லுங்கள். கேட்டும் வாங்கினால் அது அவர் பாடு. சொல்லாமல் விற்பது வியாபாரம் இல்லை.

உங்கள் காரின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் உடம்புச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சைஸும் காற்றளவும் அதில் இருக்கிறது. அதைப் படமெடுங்கள். இப்போது போட்டிருக்கிற நாலு டயரையும், ஸ்பெயார் வீலையும் சேர்த்துப் படமெடுங்கள். கமெண்டிலோ இன்பொக்ஸிலோ போடுங்கள். விட்டமும் சுமையும் கணக்குப் பார்த்துத் தருகிறோம். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் புத்தளம் போக இருப்பவர்கள் முதலில் அனுப்புங்கள்.